பதினஞ்சாயிரத்துல கோல்ஃப் ஆரம்பிக்க முடியுமா?

சென்னைல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார்: வயசு 29, கோல்ஃப் கத்துக்கணும்னு ரொம்ப நாள் ஆசை, சேத்து வெச்சது 15,000 ரூபா. கடைல ஃபுல் செட் இல்லாம ஆரம்பிக்கவே முடியாதுன்னு சொல்றாங்களாம், அதனால பழைய செட் ஒண்ணு பார்த்து வெச்சிருக்கார், வாங்கிடலாமான்னு.

வாங்காதீங்க தம்பி. இப்போதைக்கு எதுவுமே வாங்க வேண்டாம்.

ரூல்படி பேக்ல 14 கிளப் (அடிக்கற மட்டை) வரைக்கும் வெச்சுக்கலாம், அது அதிகபட்சம் தான், 14 இருந்தே ஆகணும்னு எங்கயும் இல்ல. ஸ்பெயின்ல செவே பாயஸ்டெரோஸ்னு ஒருத்தர், சின்னப் பையனா இருந்தப்போ கைல ஒரே ஒரு பழைய 3 அயர்ன் (இரும்புத் தலை வெச்ச கிளப்), அதை வெச்சு கடற்கரை மணல்ல அடிச்சு அடிச்சே கத்துக்கிட்டார், பின்னாடி பெரிய போட்டிகளான பிரிட்டிஷ் ஓபன் மூணு தடவை, மாஸ்டர்ஸ் ரெண்டு தடவை ஜெயிச்சார். எல்லாரும் அவர் மாதிரி ஆயிடுவோம்னு சொல்ல வரல, ஆனா கிளப் எண்ணிக்கை கம்மியா இருக்கறது கத்துக்கறதுக்குத் தடையே இல்ல.

முதல் மாசம் டிரைவிங் ரேஞ்ச் (பக்கெட் கணக்குல பந்து வாங்கி அடிச்சுப் பழகற இடம்) மட்டும் போங்க. நந்தனம் பக்கம் கோல்ஃப் கோர்ஸ் இருக்கே, அங்க போன் பண்ணி மெம்பர் இல்லாதவங்களை ரேஞ்சுல விடறாங்களா, ஒரு பக்கெட் பால் எவ்ளோ, கிளப் வாடகைக்கு கிடைக்குமா, கோச் ஒரு கிளாஸுக்கு எவ்ளோ வாங்கறார்னு நாலும் கேட்டுடுங்க. உங்க காசுல பாதியை கோச்சுக்கும் பக்கெட்டுக்கும் ஒதுக்கிடுங்க. நாலு கிளாஸ் போதும், ஆனா அந்த நாலும் ஆரம்பத்துலயே வேணும், ஏன்னா கிரிப்பும் நிக்கற விதமும் தப்பா படிஞ்சிட்டா பின்னாடி அதை மாத்தறது புதுசா கத்துக்கறதை விட பெரிய வேலை. காசு இடிக்குதுன்னா கூட ரெண்டு பேரை சேத்துக்கிட்டு குரூப் கிளாஸ் கேளுங்க. ஒவ்வொரு கிளாஸ்லயும் நேர் எதிர்ல இருந்து ஒண்ணு, பின்னாடி இருந்து ஒண்ணுன்னு போன்ல வீடியோ எடுத்துக்கோங்க, வீட்ல பார்க்க அதான் உதவும்.

பழகறது 7 அயர்ன்ல. டிரைவர் (ரொம்ப தூரம் அடிக்கற கிளப்) பக்கமே இப்ப போகாதீங்க, அது நீளம் ஜாஸ்தி, பால்ல படற முகத்துல சாய்வு ரொம்ப கம்மி, அதனால முகம் கொஞ்சம் திரும்பினாலும் பால் எங்கயோ வளைஞ்சு போயிடும், 7 அயர்ன்ல சாய்வு அதிகம்ங்கறதால அதே தப்பு அவ்ளோ பெருசா தெரியாது. ஐம்பது பால், நிதானமா, ஒவ்வொண்ணுக்கும் இலக்கு வெச்சு, அவ்ளோ தான்.

காசு நிஜமா மிச்சமாகறது வீட்லதான், இதை நான் எல்லார்கிட்டயும் கெஞ்சாத குறையா சொல்றது. ரவுண்ட்ல அடிக்கற ஷாட்ல மூணுல ஒரு பங்குக்கு மேல பட்டிங் (கிரீன்ங்கற ஒட்ட வெட்டின புல்லுல பாலை ஹோலுக்கு உருட்டறது) தான், அதுக்கு ரேஞ்சும் வேணாம் காசும் வேணாம். நம்ம நாட்டு கோல்ஃப் வீராங்கனை அதிதி அசோக் டோக்கியோ ஒலிம்பிக்ல நாலாவது வந்தாங்களே, ஒரே ஒரு ஸ்ட்ரோக்ல (ஒரு அடில) மெடல் போச்சு, அந்தப் போட்டில ரொம்ப கம்மி தூரம் அடிச்சவங்கள்ல அவங்களும் ஒருத்தர், பட்டிங் தான் அவங்களை அவ்ளோ தூரம் கொண்டு போச்சு. வீட்ல டைல்ஸ் தரைல ரெண்டு டைல்ஸ் சேர்ற கோடு இருக்கும்ல, அது மேல இரவல் வாங்கின பட்டரை (பாலை உருட்டற கிளப்) முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்க, கோணல் உடனே தெரியும். பால் உருட்டறதுக்கு டைல்ஸ் ரொம்ப வழுக்கும், பழைய ஜமுக்காளத்தை விரிச்சுக்கோங்க. டம்ளரைப் படுக்க வெச்சு குறி பாருங்க, நிஜ ஹோல் 108 மில்லிமீட்டர், காபி டம்ளர் வாய் அதை விட சின்னது, அதனால கிரீனுக்குப் போறப்ப ஹோல் பெருசாத் தெரியும். மாடில சிப்பிங் (பாலை லேசா தூக்கி கொஞ்ச தூரம் அடிக்கறது) பண்ணணும்னா ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பால் மட்டும், கொடில ஒரு போர்வையைத் தொங்க விட்டு அதுல அடிங்க. நிஜ பால் வேணாம், பக்கத்து வீட்டு ஜன்னல் இருக்கு, ஆளுங்க இருக்காங்க.

ரெண்டு மாசம் ஆகியும் ஆசை குறையலைன்னா வாங்குங்க: பட்டர், சாண்ட் வெட்ஜ் (மணல் குழில இருந்து பாலை எடுக்கற கிளப்), 9 அயர்ன், 7 அயர்ன், தூரம் அடிக்க ஒரு ஹைப்ரிட். டெக்கத்லான்ல இனெசிஸ் கிளப் இருக்கு, தனித்தனியா வாங்க முடியுதான்னு பாருங்க. செகண்ட் ஹேண்ட்னா கிரிப்பை (கைப்பிடி ரப்பர்) நகத்தால அழுத்திப் பாருங்க, கல்லு மாதிரி இருந்தா மாத்தற செலவையும் விலைல சேத்துக்கோங்க, கிராஃபைட் ஷாஃப்ட்னா (கிளப்போட தண்டு) கீறல் இருக்கான்னு தலைப் பக்கம் நல்லா பாருங்க, ஷாஃப்ட்ல வளையற அளவு ரெகுலர்னு போட்டது போதும். பால் பழசு போதும், தொலையத்தான் போகுது. புதுசா வாங்க வேண்டியது கிளவுஸ் மட்டும், நம்ம ஊர் வேர்வைக்கு அது இல்லாம கிளப் கைல நழுவும். ஷூ இருக்கறதே போதும், ஆனா காலர் வெச்ச டி-ஷர்ட் போட்டுட்டுப் போங்க, நிறைய கோர்ஸ்ல ஜீன்ஸ் விட மாட்டாங்க.

கோர்ஸ்ல இறங்க பயம் இருக்கும். 2020ல வந்த ஹேண்டிகேப் (ஆடற திறமைக்கு ஏத்த மாதிரி குடுக்கற கூடுதல் ஸ்ட்ரோக்) முறைல 54 வரைக்கும் குடுக்கறாங்க, அதாவது 18 ஹோல்ல ஹோலுக்கு மூணு ஸ்ட்ரோக் கூடுதல், பார் 4ல (நாலு அடில முடிக்க வேண்டிய ஹோல்) நீங்க ஏழு அடிச்சாலும் உங்க கணக்குக்கு அது பார். முதல் ரவுண்டை வார நாள்ல, 9 ஹோல் மட்டும், கட்டணம் கம்மியா இருக்கற நேரத்தைக் கேட்டுப் போங்க, பேக் தூக்கிட்டு கூடவே வர்ற கேடி (caddie) ஒருத்தரைக் கூட்டிட்டு. அவருக்குக் குடுக்கற காசுல கணக்கு பார்க்காதீங்க, அந்த கிரீன் எந்தப் பக்கம் சரியுதுன்னு அவருக்குத் தெரிஞ்ச அளவுக்கு யாருக்கும் தெரியாது.