அம்மாவுக்குப் பராமரிப்பு இல்லம்: மாதம் 38,000 என்றால் உண்மையில் எவ்வளவு?

கேள்வி: என் அம்மாவுக்கு 76 வயது. பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. நாப்கின் மாற்றுவதிலிருந்து சாப்பாடு ஊட்டுவது வரை ஆள் வேண்டும். ஏஜென்சி மூலம் வைத்த இரண்டு பேருமே சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார்கள். நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். கோவையில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் மாதம் 38,000 ரூபாய், டெபாசிட் 2 லட்சம் என்கிறார்கள். இது நியாயமான தொகையா? அம்மாவின் 5 லட்சம் ரூபாய் மருத்துவக் காப்பீட்டில் ஏதாவது கிடைக்குமா?
– வாசகி, திருப்பூர்

பதில்: காப்பீட்டை முதலில் முடித்துவிடலாம். கிடைக்காது. உங்கள் பாலிசியில் விலக்குகள் என்று ஒரு பகுதி இருக்கும், எடுத்துப் பாருங்கள். குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, நடக்கத் துணை நிற்பது போன்ற அன்றாட உதவிக்கு வீட்டிலோ இல்லத்திலோ ஆகும் செலவைத் தருவதில்லை என்று எழுதியிருக்கும். காப்பீட்டுக் கம்பெனிகளை ஒழுங்குபடுத்தும் ஐஆர்டிஏஐ எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவாக வகுத்துக் கொடுத்த வாசகம் அது. கம்பெனி மாறினாலும் பயனில்லை. அதற்காகப் பிரீமியம் கட்டுவதை நிறுத்திவிடாதீர்கள். படுக்கையில் இருப்பவர்களுக்கு நிமோனியாவும் சிறுநீர்த் தொற்றும் எளிதில் வரும். ஆஸ்பத்திரியில் சேர்க்கும் நாளில் பாலிசி கைகொடுக்கும்.

இப்போது 38,000. அந்தத் தொகைக்குள் என்னவெல்லாம் அடக்கம் என்று தெரியாமல் நியாயமா இல்லையா என்று சொல்ல முடியாது. பெரும்பாலும் அறை, சாப்பாடு, பொதுவான கவனிப்பு மட்டும்தான் அதில் இருக்கும். டயப்பர் தனி. ஒரு நாளைக்கு நான்கு, ஒன்று 35 ரூபாய் என்று வைத்தாலே மாதம் 4,200 ஆகிவிடுகிறது. மருந்து தனி, பிசியோதெரபி தனி, டாக்டர் வந்து பார்த்தால் அதுவும் தனி. மூக்கில் டியூப் வைக்கும் நிலை வந்தால் 'கேட்டகிரி மாறிவிட்டது' என்று மாதக் கட்டணமே ஏறும். டெபாசிட்டுக்கு வட்டி கிடையாது. வங்கியில் 7 விழுக்காடு வட்டிக்குப் போட்டிருந்தால் அந்த 2 லட்சத்துக்கு வருடம் 14,000 வந்திருக்கும். அதையும் உங்கள் செலவில்தான் சேர்க்க வேண்டும்.

ஜிஎஸ்டி உண்டா என்றும் கேளுங்கள். வரிவிலக்கு பெற்ற அறக்கட்டளை நடத்தும் இல்லமாக இருந்து, தங்குமிடம், சாப்பாடு, பராமரிப்பு எல்லாம் சேர்த்து ஒருவருக்கு மாதம் 25,000 ரூபாய்க்குள் வாங்கினால், 60 வயதைக் கடந்தவர்களுக்கு வரி கிடையாது. உங்களிடம் சொன்ன தொகை அந்த வரம்பைத் தாண்டியது. சிகிச்சை சார்ந்த சேவைக்கு வேறு விலக்கு இருக்கிறது, அதன்படி வரி போடாமலும் இருக்கலாம். போட்டால், 18 விழுக்காடு கணக்கில் 38,000 என்பது 44,840 ஆகிவிடும். 'எல்லாம் சேர்த்து எவ்வளவு' என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இத்தனையையும் துருவித் துருவிக் கேட்பதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. உங்கள் அம்மாவைப் போலவே படுக்கையில் இருக்கும் ஒருவருக்குப் போன மாதம் போட்ட பில்லை, பெயரை மறைத்துவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஒளிக்க எதுவும் இல்லாதவர்கள் காட்டுவார்கள். 'ஒவ்வொருவருக்கும் வேறுபடும் மேடம்' என்று மழுப்பினால் அதுவும் ஒரு பதில்தான்.

அப்புறம் ராத்திரி ஆள். பிரசுரத்தில் தோட்டம், கோயில், யோகா எல்லாம் இருக்கும். படுக்கையிலிருக்கும் அம்மாவுக்கு அவற்றால் என்ன லாபம்? இரவில் எத்தனை பேருக்கு எத்தனை அட்டெண்டர் என்று கேளுங்கள். தானாகப் புரண்டு படுக்க முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இல்லையென்றால் படுக்கைப் புண் வரும், அந்த வைத்தியச் செலவும் உங்கள் தலையில்தான் விழும். முன்கூட்டியே சொல்லாமல், ஞாயிற்றுக்கிழமை இருட்டிய பிறகு ஒரு தடவை போய்ப் பாருங்கள். மூக்கே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். இல்லம் மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பதிவு பெற்றதா என்பதையும் விசாரியுங்கள்.

பலரும் கேட்க மறப்பது ஒன்று: அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தால் பக்கத்தில் யார் இருப்பது? இல்லத்து ஆள் என்றால் ஒரு நாளைக்கு எவ்வளவு? அந்த நாட்களுக்கு இல்லத்துக் கட்டணம் குறையுமா, முழுதாகக் கட்ட வேண்டுமா? ஒப்பந்தத்தில் இது இல்லையென்றால் எழுதச் சொல்லுங்கள்.

செலவைக் கொஞ்சம் குறைக்க வழி இருக்கிறது. டயப்பரையும் மருந்தையும் நாமே வாங்கித் தரலாமா என்று கேளுங்கள். மக்கள் மருந்தகத்திலும் முதல்வர் மருந்தகத்திலும் ஜெனரிக் மாத்திரைகள் மலிவு. அம்மாவை இன்னும் சில மாதம் வீட்டிலேயே வைத்திருப்பதானால், அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபியும் வலி தணிப்புச் சிகிச்சையும் வீட்டுக்கே வந்து தருகிறார்கள். 2021-லிருந்து நடக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்துவிடுங்கள்.

வருமான வரியிலும் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம். உங்களைச் சார்ந்திருக்கும் பெற்றோருக்கு 40 விழுக்காடு ஊனம் என்று சான்று இருந்தால் 75,000 ரூபாயும், 80 விழுக்காடோ அதற்கு மேலோ என்றால் 1,25,000 ரூபாயும் உங்கள் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். செலவு எவ்வளவு ஆனாலும் கழிவு இதே தொகைதான். 80டிடி பிரிவு என்று சொன்னால் ஆடிட்டருக்குப் புரியும். பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு மட்டுமே இது. புதிய முறையில் இருந்தால், மாறுவது லாபமா என்று ஆடிட்டரிடமே கணக்குப் போடச் சொல்லுங்கள். பக்கவாதத்தால் கை, கால் விழுந்தவருக்கு அரசு மருத்துவமனையில் சான்று வாங்க முடியும். அம்மா படுக்கையில் இருப்பதால் சான்றுக்கு அழைத்துப் போவதே ஒரு பாடு. ஆனாலும் வாங்கி வையுங்கள், வேறு உதவிகளுக்கும் அதைத்தான் கேட்பார்கள்.

கேள்வி: அப்பாவுக்கு ஆகும் செலவில் பங்கு தர அண்ணன் மறுக்கிறார். வீட்டை அவர் பெயருக்குத்தான் அப்பா எழுதிக் கொடுத்தார். சட்டத்தில் வழி உண்டா?
– வாசகர், மதுரை

பதில்: உண்டு. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி வருவாய்க் கோட்டாட்சியரிடம் (ஆர்டிஓ) மனு கொடுக்கலாம். மனு அப்பாவின் பெயரில் இருக்க வேண்டும். அவரால் முடியாவிட்டால் அவர் அதிகாரம் கொடுத்த ஒருவர் தரலாம். ஜீவனாம்சமாக அதிகபட்சம் மாதம் 10,000 ரூபாய்க்குத்தான் உத்தரவிட முடியும். இல்லங்களின் இன்றைய கட்டணத்துக்கு அது எந்த மூலைக்கு?

அதைவிட வலுவானது அதே சட்டத்தின் 23-ஆவது பிரிவு. தன்னைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, பராமரிக்காத பட்சத்தில் ரத்து செய்யச் சொல்லலாம். பத்திரத்தில் அந்த நிபந்தனை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வழக்கு இழுக்கும், வக்கீலைக் கேட்டுவிட்டு இறங்குங்கள். இனிமேல் செட்டில்மென்ட் எழுதப் போகிறவர்கள் அந்த ஒரு வரியை விடாமல் எழுதச் சொல்லுங்கள். முதியோருக்கான உதவி எண் 14567, கட்டணம் இல்லை.

கேள்வி: இல்லத்தில் இருந்த அம்மா மாதத்தின் 6-ஆம் தேதி காலமானார். முழு மாதக் கட்டணத்தையும் பிடித்துக்கொண்டு, டெபாசிட்டில் 'பராமரிப்புக் கழிவு' என்று பெருந்தொகையைக் கழித்துவிட்டார்கள். என்ன செய்யலாம்?
– வாசகி, சேலம்

பதில்: ஒப்பந்தத்தை எடுத்து, கழிவைப் பற்றி என்ன இருக்கிறது என்று படியுங்கள். அதில் இல்லாத கழிவு என்றால் கணக்கு விவரம் கேட்டு ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு கடிதம் அனுப்புங்கள், 15 நாள் அவகாசம் கொடுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகாரைப் பதியலாம். அதிலும் தீராவிட்டால் நுகர்வோர் ஆணையம். இறந்தவரின் வாரிசாக நீங்களே புகார் தரலாம். இல்லம் வேறு ஊரில் இருந்தாலும் சேலத்து மாவட்ட ஆணையத்திலேயே தரலாம். செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் புகாருக்குக் கட்டணம் எதுவும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும்.

ஒப்பந்தத்திலேயே அந்தக் கழிவு எழுதியிருந்தால் வேலை கொஞ்சம் கடினம். ஒப்பந்தமே நியாயமற்றது என்ற புகாரை மாவட்ட ஆணையம் எடுக்காது, மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். அதற்கு முன் அந்த 6 நாளுக்கான கட்டணத்தைத் தனியாகக் கணக்கிட்டு, மீதியைத் தரும்படி கேட்டுப் பாருங்கள். எழுத்தில் கேட்டால் சில இல்லங்கள் இறங்கி வருகின்றன.