திகதி முடியாத பியர் கெட்டுப்போனால் யார் பொறுப்பு?

கேள்வி: மாமாவின் சேவை ஓய்வு விருந்துக்காக ஹட்டனில் ஒரு கடையில் இரண்டு பெட்டி லாகர் பியர் வாங்கினேன். பச்சைப் போத்தல். மறுநாள் திறந்தால் சிலவற்றில் நாற்றம், சிலவற்றில் நனைந்த காட்போட் சுவை. காலாவதியாக இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது, பணம் தர முடியாது என்கிறார் முதலாளி. பில்லும் இல்லை. என்ன செய்யலாம்?

பதில்: முதலாளி சொல்வது பாதிதான் சரி. போத்தலை ஒழுங்காக வைத்திருந்தால்தான் அந்தத் திகதிக்கு மதிப்பு. பியரில் சேர்க்கும் ஹொப்ஸ் என்ற பூ தரும் கசப்பு வெயில் பட்டால் சிதைந்து கந்தக நாற்றம் எடுக்கும். பழுப்புப் போத்தல் அதைப் பெருமளவு தடுக்கும், பச்சைப் போத்தல் அவ்வளவாகத் தடுக்காது. காட்போட் சுவைக்குக் காரணம் உள்ளே மிஞ்சிய ஒட்சிசன். சூடு கூடக்கூட அது வேகமாக வேலை செய்யும். நம் மலைநாட்டுக் குளிரில் அப்படி ஆகாது என்று வாதாடுவார்கள். தகரக் கூரை ஸ்டோருக்குள் மத்தியானம் நின்று பார்த்தவர்கள் அதை நம்ப மாட்டார்கள். ‘வைத்தால் ருசி கூடும்’ என்பதும் கனமான சில பியர்களுக்குத்தான், லாகருக்கு இல்லை.

1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டப்படி, ஒரு பொருளை வியாபாரமாகவே விற்பவர் தருவது விற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும். ஆகவே திகதியைப் பிடித்துக்கொண்டு சண்டை போடாதீர்கள். கெட்டது கடையிலா, உங்கள் வீட்டிலா என்பதே கேள்வி. மறுநாளே திறந்தது உங்களுக்குச் சாதகம். ஆனால் லயத்து வாசலில் வெயிலில் வைத்தீர்களா என்று கட்டாயம் கேட்பார்கள். கடையில் பெட்டிகளை வெயில் விழும் யன்னலோரம் அடுக்கியிருந்தால் இன்றே படம் எடுங்கள். திறக்காத நான்கைந்து போத்தல்களை இருட்டான இடத்தில் பத்திரப்படுத்துங்கள். கோபத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டால் கையில் ஒன்றும் மிஞ்சாது.

அப்புறம் பில். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுப்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி வியாபாரியின் கடமை. இப்போதாவது போய்க் கேளுங்கள். அதிகாரசபைக்கான முறைப்பாடு எழுத்தில், வாங்கி மூன்று மாதத்துக்குள் போக வேண்டும். விசாரிக்க 1977க்கு அழைக்கலாம்.

பொது சுகாதாரப் பரிசோதகரிடம் போவதில் பெரிய பயன் இல்லை. பழசாகிப்போன சுவை உடம்பைக் கெடுக்காது. போத்தலுக்குள் பூச்சியோ கண்ணாடித் துண்டோ கிடந்தால் அது வேறு விஷயம்.

முதலில் முதலாளிக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போடுங்கள். மசியாவிட்டால் மத்தியஸ்த சபை. இரண்டு பெட்டிக் காசுக்காக நீதிமன்றம் ஏறினால் பஸ் காசும் வக்கீல் காசும்தான் கூடும்.