தெருவைத் தோண்டாமல் பழைய கழிவுநீர்க் குழாயைச் சரிசெய்ய முடியுமா? செய்தால் எத்தனை காலம் தாங்கும்?

முடியும். சிங்கப்பூரில் இந்த வேலை செய்யும் குழுவில் ஆறு வருடமாக இருக்கிறேன். பெரும்பாலும் ராத்திரி வேலைதான்.

பழைய குழாய்க்குள்ளேயே புதுக் குழாய் ஒன்றை வார்ப்பது, அவ்வளவுதான் விஷயம். ஃபெல்ட் துணியில் செய்த நீளமான உறையை ரெசினில் (சூடு பட்டால் இறுகும் பிசின்) ஊறவைத்து, ஐஸ் போட்ட லாரியில் கொண்டுவருவோம். சூடு ஏறினால் லாரியிலேயே இறுகித் தொலையும். மேன்ஹோல் வாயில் உறையின் ஒரு முனையைக் கட்டித் தண்ணீர் விட்டால், சட்டைக் கையை உட்புறம் வெளிப்புறமாகத் திருப்புவது போல அது தானே புரண்டுகொண்டு குழாய்க்குள் போகும். ரெசின் நனைந்த பக்கம் பழைய சுவரில் போய் அழுந்தும். அப்புறம் அதே தண்ணீரை 80 டிகிரி வரை சூடாக்கிச் சில மணி நேரம் வைத்திருந்தால் துணி கெட்டிக் குழாயாகிவிடும். கண்ணாடி இழை உறையாக இருந்தால் வெந்நீருக்குப் பதில் புற ஊதா விளக்கை உள்ளே இழுத்துக்கொண்டு போவார்கள், வேலை சீக்கிரம் முடியும். பாலியெஸ்டர் ரெசின் என்றால் அதிலுள்ள ஸ்டைரீன் என்ற ரசாயனத்தின் நெடி தெரு முழுக்க அடிக்கும். அக்கம்பக்கத்து வீடுகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

எத்தனை காலம் என்றால், பொதுவாக 50 வருடத்துக்குக் கணக்குப் போட்டுத்தான் தடிமனை முடிவு செய்கிறார்கள். முறையும் புதிதல்ல. எரிக் வுட் என்ற ஆங்கிலேயர் 1971-இல் லண்டனின் ஹாக்னி பகுதியில், நூறு வருடப் பழைய செங்கல் சாக்கடை ஒன்றில் முதலில் செய்து பார்த்தார். 20 வருடம் கழித்து அதிலிருந்து துண்டு வெட்டிச் சோதித்தபோதும் நல்ல நிலையில்தான் இருந்தது.

கான்கிரீட் குழாயில் ஒரு வேடிக்கை உண்டு. தண்ணீர் ஓடும் அடிப்பகுதி நன்றாக இருக்கும், மேற்கூரை புட்டு மாதிரி உதிரும். அடியில் படியும் வழுவழுப்பான படலத்தில் வாழும் பாக்டீரியா ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை உண்டாக்கும். அது மேலே போய், கூரையின் ஈரத்தில் இருக்கும் வேறு வகை பாக்டீரியாவால் கந்தக அமிலமாகிவிடும். சிமெண்டைத் தின்பது அதுதான். இறுகிய ரெசினை அந்த அமிலம் அவ்வளவு சுலபமாக ஒன்றும் செய்வதில்லை. மண் குழாய்க்கு இந்த வியாதி கிடையாது. அதற்கு எமன் மூட்டுகளில் நுழையும் மரவேர்.

ஆனால் உறை எவ்வளவு தரமாக இருந்தாலும், வேலைக்கு முன்னாலும் பின்னாலும் குழாய்க்குள் விட்டுப் பார்க்கும் காமிராவில் கோட்டைவிட்டால் வேலை கெட்டது. நான் சேர்ந்த புதிதில் ஒரு தரைவீட்டுத் தெருவில் இதைப் பார்த்தேன். உறை இறுகியதும் வீட்டு இணைப்புகள் எல்லாம் அடைபட்டிருக்கும். உள்ளிருந்து பார்த்தால் அந்தந்த இடத்தில் சின்னதாகக் கன்னக்குழி தெரியும். வண்டியில் உட்கார்ந்தபடியே ரோபோ கட்டரால் அவற்றைத் திறக்க வேண்டும், ஆள் இறங்குவதில்லை. எங்கள் குறிப்பில் ஒன்பது இணைப்பு. எட்டைத் திறந்தோம். ஒன்பதாவது வீடு பூட்டிக் கிடந்தது, அங்கிருந்து தண்ணீரும் வரவில்லை. செத்த இணைப்பு என்று முடிவுகட்டிவிட்டோம். மூன்று வாரம் கழித்து வீட்டுக்காரர் வெளிநாட்டிலிருந்து திரும்பினார், தமிழ்ப் பெரியவர். அவர் எங்களிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "தம்பி, கக்கூஸ்ல தண்ணி வர்றதெல்லாம் நல்லாத்தான் வருது, போகத்தான் மாட்டேங்குது." அன்றைக்கே போய்த் திறந்தோம். பாத்ரூமைக் கழுவிக் கொடுத்தது நான்தான்.

எல்லாக் குழாய்க்கும் இது சரிவராது. மண் இறங்கித் தொய்ந்துபோன குழாய்க்குள் உறையும் தொய்ந்துதான் படுக்கும், தண்ணீர் அங்கே தேங்கத்தான் செய்யும். முற்றிலும் இடிந்து விழுந்திருந்தால் உறை போகவே வழியில்லை, தோண்டித்தான் ஆக வேண்டும். உள்விட்டம் சில மில்லிமீட்டர் குறையுமே என்று பலர் கேட்பார்கள். உள்பக்கம் வழவழப்பாகிவிடுவதால் ஓட்டத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது.

உங்கள் வீட்டுக்கோ குடியிருப்புக்கோ செய்வதாக இருந்தால், உறை போடும் முன் பழைய குழாயைக் கழுவிவிட்டு எடுத்த வீடியோ, இணைப்பு திறந்த பிறகு எடுத்த வீடியோ இரண்டையும் கேட்டு வாங்குங்கள். முதலில் எத்தனை இணைப்பு, கடைசியில் எத்தனை ஓட்டை என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். பூட்டிய வீடு இருந்தால் சாவி வாங்கி ஒரு வாளித் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள்.