நோய்த்தடுப்பும் கடன்பத்திரமும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் பொதுச் சுகாதாரத்தில் முதுகலை முதலாண்டு படிக்கிறேன். ராஜஸ்தானில் பேறுகால நலனுக்காக 2018-இல் நடைமுறைக்கு வந்த ‘உத்கிருஷ்ட்’ பத்திரம் பற்றி வகுப்பில் படித்தோம். முதலீட்டாளர் முன்பணம் தருகிறார். இலக்கு எட்டப்பட்டால் நன்கொடையாளர்கள் அந்தப் பணத்தை லாபத்துடன் அவருக்குத் திருப்பித் தருகிறார்கள். சர்க்கரை நோய், ரத்தக்கொதிப்புத் தடுப்புக்கும் நம் மாநிலத்தில் இந்த முறை பொருந்துமா? அரசிடம் பணமில்லாதபோது இதுதான் வழி என்கிறார்கள். ஏழையின் நோயில் ஒருவர் லாபம் பார்ப்பது சரியா என்ற உறுத்தலும் எனக்கு இருக்கிறது. மக்களுக்கு விழிப்புணர்வு வந்துவிட்டால் இவ்வளவு செலவே தேவையில்லை என்றும் சில சமயம் தோன்றுகிறது. தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

ர.

அன்புள்ள ர.,

பிலிப்பைன்ஸில் ஏழைகளின் மருத்துவக் காப்பீட்டுக்கென்று சேர்ந்திருந்த பணத்தை அந்நாட்டு அரசு தன் கருவூலத்துக்கு எடுத்துக்கொண்டதைப் பற்றிச் சில நாட்களாகப் படித்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதம் அதன் நடுவே வந்தது. அதனால்தான் உடனே பதில் எழுதுகிறேன்.

லாபம் பற்றிய உறுத்தலை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். மாத்திரை செய்பவர், ஸ்கேன் இயந்திரம் விற்பவர், மருத்துவமனைக்குக் கட்டடம் கட்டுபவர் என எல்லோரும் நோயில் லாபம் பார்க்கிறவர்கள்தான். பத்திரம் வாங்குகிறவர் மட்டும் துறவியாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் பொருளில்லை.

ஆனால் விழிப்புணர்வு வந்தால் செலவு தேவையில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதை என்னால் அப்படி ஒதுக்க முடியவில்லை. பொதுச் சுகாதாரம் படிக்கிற ஒருவர் எழுதக் கூடாத வரி அது. தனக்கு ரத்தக்கொதிப்பு இருப்பதைத் தெரிந்துகொண்ட கூலித் தொழிலாளி, மாதாமாதம் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மருத்துவமனை வரிசையில் நின்றால்தான் மாத்திரை கிடைக்கும் என்ற நிலையில், அவர் மாத்திரையை நிறுத்துவதற்குக் காரணம் அறியாமை அல்ல. நோயாளியின் அறியாமையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது அரசுக்கும் வசதி, மருத்துவருக்கும் வசதி. படிப்பின் முதலாண்டிலேயே அந்த வசதிக்கு நீங்களும் பழகிவிட வேண்டாம்.

கடன்பத்திரத்துக்கு வருகிறேன். அது பயனற்றது என்று நான் சொல்லவில்லை. 2006-இல் தொடங்கிய தடுப்பூசிக்கான சர்வதேச நிதி வசதி உருப்படியான ஏற்பாடு. பிரிட்டன், பிரான்ஸ் முதலிய அரசுகள் பல ஆண்டுகளில் தருவதாகச் சட்டப்படி உறுதியளித்த நன்கொடையை ஈடாகக் காட்டிச் சந்தையில் பத்திரம் விற்று, அந்தப் பணத்தை உடனே, ஏழை நாடுகளுக்குத் தடுப்பூசி கிடைக்கச் செய்யும் ‘கவி’ (Gavi) அமைப்பின் திட்டங்களுக்குக் கொடுத்தார்கள். அங்கே அது பொருந்தியதற்குக் காரணம் உண்டு. ஊசி என்பது எண்ணக்கூடிய பொருள். இன்று போட்டால் இந்தக் குழந்தை இந்த ஆண்டே தட்டம்மையிலிருந்து தப்பும். முன்கூட்டிச் செலவழிப்பதற்கு அர்த்தம் இருக்கிறது. நாட்பட்ட நோய்களில் இப்படியொரு கணமே கிடையாது. நாற்பது வயதில் ஒருவருக்குச் சர்க்கரை கட்டுப்பட்டிருந்ததன் பலன் அறுபது வயதில் அவருடைய சிறுநீரகம் கெடாமலிருப்பதில்தான் தெரியும். எந்த முதலீட்டாளர் இருபது ஆண்டுகள் காத்திருப்பார்? காத்திருக்க முடியாதபோது, மூன்றாண்டுக்குள் எண்ணக்கூடிய வேறொன்றைத்தான் எண்ணுவார்கள். நீங்கள் சொன்ன ராஜஸ்தான் பத்திரத்திலேயே, எத்தனை தனியார் மருத்துவமனைகள் தரச்சான்று பெறும் நிலைக்கு வந்தன என்பதைக் கணக்கிட்டுத்தான் பணம் கைமாறியது. பேறுகாலத்தில் அதற்கும் பயன் உண்டு. சர்க்கரை நோய்க்கு அப்படி எதை எண்ணுவீர்கள்? பரிசோதனை முகாம்களையா?

நாட்பட்ட நோய்த்தடுப்புக்கு வேண்டியது முன்பணம் அல்ல, நிற்காத பணம். உலகில் நிகழும் மரணங்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று இந்த நோய்களால் நிகழ்கின்றன. ஆனால் ஏழை நாடுகளின் சுகாதாரத்துக்காகப் பணக்கார நாடுகள் தரும் உதவியில் இவற்றுக்கு வருவது சுமார் 2 விழுக்காடுதான். எனவே அந்தந்த நாடு தன் பணத்தைத் தானே தேடிக்கொள்ள வேண்டும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1987-இல் புகையிலை மீதான தீர்வையைக் கொண்டு ‘விக்ஹெல்த்’ என்ற அமைப்பைத் தொடங்கியது. விளையாட்டுக் குழுக்களுக்கு சிகரெட் கம்பெனிகள் கொடுத்துவந்த விளம்பரப் பணத்துக்குப் பதிலாகத் தன் பணத்தைக் கொடுத்து, அந்தப் பெயர்களை மைதானங்களிலிருந்து அகற்றியது. தாய்லாந்து 2001-இல் இதையே இன்னும் திருத்தமாகச் செய்தது. மது, புகையிலைக் கம்பெனிகள் தாம் கட்டும் கலால் வரிக்கு மேல் அதில் 2 விழுக்காட்டைக் கூடுதலாகக் கட்ட வேண்டும். அது பட்ஜெட் வழியாகப் போகாமல் நேராக ‘தாய்ஹெல்த்’ நிதியில் சேரும். நிதியமைச்சர் ஒவ்வோர் ஆண்டும் மனமிரங்க வேண்டியதில்லை. தாய்லாந்தில் புகைப்பவர்களின் விகிதம் 1991-இல் 32 விழுக்காடாக இருந்தது, 2021-இல் 17.4 ஆனது. இந்த நிதி வருவதற்கு முன்பே அங்கே கடுமையான புகையிலைச் சட்டம் 1992-இல் வந்துவிட்டது என்பதால் முழுப் பெருமையும் இதற்குரியதல்ல.

இதையெல்லாம் படிக்கும்போது எனக்கு என் அத்தையின் நினைவுதான் வரும். திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமம். சொளவை மடியில் வைத்துக்கொண்டு, விளக்கு வைத்த பிறகும் பீடி சுற்றிக்கொண்டிருப்பார். இருமலும் ரத்தக்கொதிப்பும் இருந்தன. பீடித் தொழிலாளர் மருந்தகத்தில் மாத்திரை வாங்கிவருவார். ஒருமுறை நான் விளையாட்டாக, “ஓசி மருந்து எப்படி இருக்கு அத்தை?” என்று கேட்டேன். பீடி முனையை மடக்கியபடி, நிமிர்ந்து பார்க்காமல், “ஓசின்னு சொல்லாதல, எம் பீடித் துட்டுல வார மருந்து” என்றார்.

அவர் சொன்னது சட்டப்படியே சரி. 1976-இல் வந்த பீடித் தொழிலாளர் நலத் தீர்வைச் சட்டத்தின்படி, உற்பத்தியாகும் பீடிகளின் எண்ணிக்கைக்கேற்பத் தீர்வை வசூலித்து (கடைசிக் காலத்தில் அது ஆயிரம் பீடிக்கு 5 ரூபாய்), அந்த நிதியிலிருந்து மருந்தகங்களும் முக்கூடல் போன்ற ஊர்களில் மருத்துவமனையும் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகையும் நடத்தினார்கள். அந்த ஏற்பாட்டில் குறைகள் ஏராளம். ஆனால் தன் கை சுற்றிய பீடிக்கும் தன் கைக்கு வந்த மாத்திரைக்கும் உள்ள தொடர்பை, பள்ளிக்கூடம் போகாத ஒரு பெண் ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிந்தது. 2017-இல் ஜிஎஸ்டி வந்தபோது அந்தத் தீர்வை நீக்கப்பட்டது. இனி பொது பட்ஜெட்டிலிருந்து பணம் தரப்படும் என்றார்கள். 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி கவுன்சில் பீடி மீதான வரியை 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைக்க முடிவெடுத்தது. வரி விகிதத்தைப் பற்றி நாடெங்கும் விவாதித்தார்கள். அந்தப் பணம் எந்தப் பெட்டியில் விழுகிறது என்று யாரும் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை.

பெட்டிக்குப் பெயர் எழுதிவிட்டால் மட்டும் போதும் என்றும் நினைத்துவிடாதீர்கள். நம் வருமான வரியோடு 2018 முதல் 4 விழுக்காடு ‘சுகாதாரம் மற்றும் கல்வி செஸ்’ என்ற கூடுதல் தீர்வையை வசூலிக்கிறார்கள். பெயரில் சுகாதாரம் இருக்கிறது. ஆனால் அதில் சுகாதாரத்தின் பங்குக்கென்று தனி நிதி ஒன்றுக்கு ஒப்புதல் கிடைத்தது 2021 மார்ச்சில்தான். 2018–19-இல் 35 வகை செஸ்களிலும் பிற தீர்வைகளிலும் மத்திய அரசுக்கு வந்த சுமார் 2.74 லட்சம் கோடி ரூபாயில், அவற்றுக்குரிய நிதிகளுக்குப் போனது 1.64 லட்சம் கோடிதான் என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை சொன்னது. பூட்டில்லாத உண்டியலில் சாமி பெயர் எழுதி என்ன பயன்?

பிலிப்பைன்ஸ் கதையும் இதுதான். 2012-இல் அங்கே மது, புகையிலை வரியைப் பெரிதாக உயர்த்தி, கூடுதல் வருவாயின் பெரும்பகுதியைச் சுகாதாரத்துக்கு என்று சட்டத்திலேயே எழுதினார்கள். ஏழைகளின் காப்பீட்டுச் சந்தாவை அரசே கட்டியது. உலகமே அதைப் பாராட்டியது. 2024-இல் அந்தக் காப்பீட்டு நிறுவனத்திடம் ‘மிகுதியாக’ 8,990 கோடி பெசோ இருக்கிறது, கருவூலத்துக்கு அனுப்புங்கள் என்று நிதித்துறை உத்தரவிட்டது. நோயாளிகள் தம் கைப்பணத்தைக் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு நாட்டில் அவர்களுடைய காப்பீட்டில் பணம் மிகுந்துவிட்டதாம்! உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிப்பதற்குள் 6,000 கோடி பெசோ கைமாறிவிட்டது.

நிதித்துறைக்காரர்கள் இதற்கு வைத்திருக்கும் வாதம் எனக்குத் தெரியும். பணத்தைப் பெட்டி பெட்டியாகப் பிரித்து வைத்தால் வெள்ளம் வந்த ஆண்டில் அரசு கைகட்டி நிற்க வேண்டியிருக்கும், பெட்டிக்குள் இருப்பவர்கள் யாருக்கும் கணக்குச் சொல்ல மாட்டார்கள் என்பார்கள். இரண்டாவது பாதியில் உண்மை இருக்கிறது. தாய்லாந்து நிதியின் ஆட்சிக்குழுவில் இருந்தவர்களின் அமைப்புகளுக்கே அதிலிருந்து பணம் போகிறது என்று குற்றச்சாட்டு எழுந்தது. 2016 ஜனவரியில் ராணுவ அரசு தன் சிறப்பு அதிகாரத்தைக் கொண்டு உறுப்பினர் ஏழு பேரை நீக்கியது. ஆனால் கவனியுங்கள்: ஆட்களைத்தான் நீக்க முடிந்தது, 2 விழுக்காடு சட்டத்தில் இருந்ததால் வரவு நிற்கவில்லை. விக்டோரியாவில் நடந்தது வேறு. மாநிலங்கள் இப்படிப் புகையிலைத் தீர்வை வசூலிக்க அரசியல் சட்டத்தில் இடமில்லை என்று 1997-இல் ஆஸ்திரேலியாவின் தலைமை நீதிமன்றமான உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, அந்த அமைப்பு மாநில பட்ஜெட்டை எதிர்பார்த்து வாழ வேண்டியதாயிற்று.

நம் மாநிலத்துக்குப் பத்திரம் பொருந்துமா என்று கேட்டிருந்தீர்கள். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டு வாசலுக்கே ரத்தக்கொதிப்பு, சர்க்கரை மாத்திரைகளைக் கொண்டுபோகிறது. மாத்திரை கொண்டுவரும் பெண் பணியாளர் அடுத்த முப்பது ஆண்டுகளும் அதே தெருவுக்கு வர வேண்டும். மூன்றாண்டுப் பத்திரத்தால் அதைச் செய்ய முடியாது. உங்கள் ஆய்வுக்குப் பத்திரத்தை விட்டுவிட்டு, தாய்லாந்தின் 2001-ஆம் ஆண்டுச் சட்டத்தையும் நம்முடைய 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். பணத்தை எடுக்கும் அதிகாரம் யாருக்கு, எடுத்தவர் யாரிடம் கணக்குக் காட்ட வேண்டும் என்ற பிரிவுகளை மட்டும் தனியாகக் குறித்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள்.