நாய் எழுப்புகிறதே, சுகர் பார்ப்பதை நிறுத்தலாமா?

கேள்வி: என் மகளுக்கு 12 வயது. டைப் 1 சர்க்கரை நோய், இன்சுலின் போடுகிறோம். வாரத்தில் இரண்டு மூன்று ராத்திரி எங்கள் லாப்ரடார் அவள் கையை நக்கி எழுப்பிவிடுகிறது. குத்திப் பார்த்தால் சுகர் 60, 65 என்று இருக்கிறது. இதற்கு முறையாகப் பயிற்சி கொடுத்தால் நடுராத்திரி விரலில் குத்துவதை நிறுத்திவிடலாமா டாக்டர்? – வாசகி, பெரம்பூர்

பதில்: நிறுத்தாதீர்கள் அம்மா. அதற்காக நாய் ஏதோ விளையாடுகிறது என்றும் தள்ள மாட்டேன். சுகர் இறங்கும்போது மூச்சில் ஐசோப்ரீன் என்ற பொருள் கூடுவதை 2016-ல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் காட்டினார்கள். நாய் மோப்பம் பிடிப்பது அதைத்தானா என்பது இன்னும் உறுதியாகவில்லை. கொரோனா காலத்தில் நம் ராணுவமே காக்கர் ஸ்பானியல் நாய் காஸ்பரையும் சிப்பிப்பாறை நாய்கள் ஜெயா, மணியையும் வியர்வை, சிறுநீர் மாதிரிகளில் தொற்றை மோந்து சொல்லப் பழக்கியது. தான்சானியாவில் ‘அப்போப்போ’ (APOPO) என்ற அமைப்பு பெரிய எலிகளை வைத்துச் சளியில் காசநோயைத் தேடுகிறது. ஆனால் எலி சுட்டிக்காட்டிய சளியை ஆய்வகத்தில் மறுபடி பார்த்த பிறகுதான் அங்கே நோய் என்றே சொல்கிறார்கள். உங்கள் வீட்டில் அந்த ஆய்வகம் குளுக்கோமீட்டர்தான்.

பயிற்சி பெற்ற நாய்களும் ஒரே மாதிரி இல்லை. 2019-ல் பிரிட்டனில் 27 நாய்களைப் பார்த்ததில், நடுத்தரமான நாய் நூறு தாழ்சர்க்கரைக்கு சுமார் 83-ஐப் பிடித்தது. அமெரிக்காவில் செய்த சிறிய ஆய்வு ஒன்றில், சுகர் இறங்கிய நேரங்களில் பாதிக்கு மேல் நாய்கள் கோட்டைவிட்டன.

அப்புறம், சென்னை வெயில் காலத்தில் கரண்ட் போன ராத்திரி பிள்ளை வியர்த்துக் கிடந்தால், உப்புக்காகவே நாய் நக்கும். எனவே இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டுப் போடுங்கள். நாய் எழுப்பிய நேரம், அப்போதைய சுகர். நாய் தூங்கிய ராத்திரிகளிலும் 2 மணி, 3 மணி வாக்கில் ஒருமுறை பாருங்கள். அது எழுப்பிய ராத்திரி மட்டுமே நமக்கு ஞாபகம் இருக்கும். எழுப்பாமல் விட்டது கணக்கிலேயே வராது. நக்கிய விரலை சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள்.

பயிற்சி கொடுக்க ஆசை என்றால், நாய்ப் பயிற்சியாளர் ஒருவரின் துணையோடு செய்யுங்கள். சுகர் 70-க்குக் கீழே போனால் முதலில் பிள்ளைக்குக் குளுக்கோஸ், அப்புறம்தான் நாய் மோந்து பழகுவதற்கான வியர்வை மாதிரி. கையுறை போட்டு, சுத்தமான காஸ் துணியால் கழுத்து வியர்வையை ஒற்றி, மூடிபோட்ட கண்ணாடிச் சீசாவில் போட்டு, தேதியும் சுகர் அளவும் எழுதி ஃப்ரீசரில் வையுங்கள். சுகர் சரியாக இருக்கும்போதும் இதே போல எடுத்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் நாய் கற்றுக்கொள்வது ஃப்ரீசர் வாசத்தைத்தான். எந்தச் சீசா எது என்று, நாய்க்குக் காட்டுகிறவருக்கே தெரியக் கூடாது. நம் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடும், பொல்லாத ஜீவன்! ராத்திரி அது எழுப்பினால் மீட்டரில் உறுதியான பிறகே தின்பண்டம். மாதிரிக்காகச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டுச் சுகரை இறக்கும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம்.

எனக்கு நாயைவிடப் பெரிய கவலை, வாரத்தில் இரண்டு மூன்று ராத்திரி சுகர் இறங்குவதுதான். ராத்திரி இன்சுலின் அளவு கூடுதலா, சாயந்திரம் விளையாடிவிட்டுக் குறைவாகச் சாப்பிடுகிறாளா என்று உங்கள் டாக்டர் பார்க்க வேண்டும். நோட்டை எடுத்துக்கொண்டு இந்த வாரமே போங்கள். கையில் ஒட்டும் சென்சாரைப் பற்றியும் கேளுங்கள். செலவுதான், ஆனால் சுகர் இறங்கினால் அலாரம் அடிக்கும்.

அதுவரை, 70-க்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை. சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பால் சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும். நினைவில்லாமல் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். சுகரை ஏற்றும் குளுக்ககான் ஊசி கையில் இருந்தால் உடனே போடுங்கள்.