வயசுக்கு வரப்போகும் மகளுக்கு எந்தப் புத்தகம் வாங்குவது?

கேள்வி (திருப்பூரிலிருந்து ஒரு அம்மா): மகளுக்கு ஒன்பதரை வயது, நான்காம் வகுப்பு. போன மாதம் ஒரு பக்க மார்பில் மட்டும் சின்னதாகக் கட்டி மாதிரி இருக்கிறது, தொட்டால் வலிக்கிறது என்றாள். பதறிப்போய் டாக்டரிடம் காட்டினோம். வயசுக்கு வருவதற்கான ஆரம்பம்தான், பயப்பட ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார். இதையெல்லாம் அவளிடம் வாய்விட்டுச் சொல்ல எனக்கு வரவில்லை, என் அம்மாவும் எனக்கு எதுவும் சொன்னதில்லை. சரி, புத்தகம் வாங்கிக் கொடுக்கலாம் என்று ஆன்லைனில் தேடினால் 200 ரூபாய்க்கும் இருக்கிறது, 1,500 ரூபாய்க்கும் இருக்கிறது, எல்லாவற்றுக்கும் நாலரை ஸ்டார். மாமியார் "அறியாப் பிள்ளைக்கு இப்பவே எதுக்கு இதெல்லாம்" என்கிறார். எதை வாங்குவது? தமிழிலா, ஆங்கிலத்திலா?

பதில்: முதலில் மாமியாருக்குப் பதில் சொல்லிவிடுவோம், அது தீர்ந்தால்தான் புத்தகம் வீட்டுக்குள் வரும். பெண் பிள்ளைகளுக்கு மார்பு அரும்புவது 8 வயதிலிருந்து 13 வயதுக்குள் எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம். அதிலிருந்து சராசரியாக இரண்டு, இரண்டரை வருடத்தில் முதல் மாதவிடாய். உங்கள் மகளுக்குக் கணக்குப் போட்டால் ஆறாம் வகுப்பிலோ ஏழாம் வகுப்பிலோ வரலாம், சிலருக்கு அதற்கும் முன்னாலேயே வந்துவிடும். அவள் உடம்பு தன் வேலையை ஆரம்பித்துவிட்டது, சொல்ல வேண்டிய பெரியவர்கள்தான் இன்னும் ஆரம்பிக்கவில்லை. (8 வயதுக்கு முன்பே மார்பு அரும்பினாலோ, 15 வயதாகியும் மாதவிடாய் வராவிட்டாலோ டாக்டரைப் பார்க்க வேண்டும். உங்கள் மகள் நடுவில் வசதியாக இருக்கிறாள்.)

இனி புத்தகம். ஸ்டாரை மறந்துவிடுங்கள். ஸ்டார் போடுவது பிள்ளைகள் இல்லை, பெரியவர்கள், அதுவும் பார்சல் வந்த கையோடு. "பேப்பர் குவாலிட்டி சூப்பர், ரெண்டே நாளில் டெலிவரி" என்பதை வைத்து உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று எப்படித் தெரியும்? அதற்குப் பதிலாக இரண்டு ஸ்டார், மூன்று ஸ்டார் கொடுத்தவர்கள் திட்டியிருப்பதைப் படியுங்கள். "இந்த வயதுக்கு இது ரொம்ப அதிகம், குழந்தை எப்படிப் பிறக்கிறது என்றெல்லாம் போட்டிருக்கிறார்கள்" என்று ஒருவர் கோபப்பட்டிருந்தால், புத்தகத்தில் என்ன இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும். அது வேண்டுமா வேண்டாமா என்பதை நீங்கள் முடிவு செய்துகொள்ளலாம். அட்டையில் போட்டிருக்கும் வயதும் அப்படித்தான், ஒரு குத்துமதிப்பு. உங்கள் மகளின் உடம்பு எங்கே நிற்கிறதோ அங்கிருந்து தொடங்கும் புத்தகம்தான் தேவை.

மாதிரிப் பக்கங்கள் பார்க்கக் கிடைத்தால், அல்லது கடையில் கையில் எடுத்தால், முதலில் மார்பு அரும்புவதைப் பற்றிய பக்கத்தைத் தேடுங்கள். விலை குறைந்த பல புத்தகங்கள் எடுத்த எடுப்பிலேயே கருப்பைப் படத்துக்குப் போய்விடும். உங்கள் மகளின் இன்றைய கவலை கருப்பை இல்லையே, அந்த வலிக்கிற கட்டிதான். அது ஒரு பக்கம் முதலில் வரும், மறுபக்கம் சில மாதம் கழித்து வரும், கொஞ்சம் சமமில்லாமலும் இருக்கும், எதுவும் நோய் இல்லை என்று நாலு வரி இருந்தால் அவள் இன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்குவாள். மாதவிடாய்க்குச் சில மாதங்கள் முன்பிருந்தே வெள்ளைப்படும் என்பதும் இருக்க வேண்டும், நிறைய புத்தகங்கள் இதை விட்டுவிடுகின்றன.

அடுத்தது முதல் ரத்தம். சிவப்பாகக் கொட்டும் என்று படம் போட்டிருந்தால் சரியில்லை. பல பிள்ளைகளுக்கு முதல் தடவை ஜட்டியில் பழுப்பாக ஒரு கறைதான் தெரியும். அதை ரத்தம் என்றே நினைக்காமல், வேறு ஏதோ ஆகிவிட்டது என்று ஒளித்துவைக்கிற பிள்ளைகள் உண்டு. மொத்த நாட்களுக்கும் சேர்த்தே சராசரியாக 30, 40 மில்லிதான் போகும், இரண்டு மூன்று மேசைக்கரண்டி அளவு. இந்த ஒரு விவரம் எத்தனை பயத்தைக் குறைக்கும் தெரியுமா! அப்புறம், 28 நாளுக்கு ஒருமுறை வரும் என்று மட்டும் எழுதிவிட்டு நிறுத்தும் புத்தகத்தைக் கீழே வைத்துவிடுங்கள். ஆரம்ப வருடங்களில் 21 நாளிலிருந்து 45 நாள் வரை இடைவெளி மாறிமாறி வருவது சகஜம். அதைச் சொல்லாவிட்டால் இரண்டாவது மாதமே பிள்ளை காலண்டரைப் பார்த்துப் பயப்படும்.

மூன்றாவது, பேடு வைப்பது. ஒட்டுத்தாளை உரிப்பது, எந்தப் பக்கம் துணியில் ஒட்ட வேண்டும், இறக்கைகளை எப்படி அடியில் மடிப்பது, நாலிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுவது, பேப்பரில் சுற்றிக் குப்பைத்தொட்டியில் போடுவது, டாய்லெட்டில் போட்டுத் தண்ணீர் ஊற்றாமல் இருப்பது, இதெல்லாம் படம் படமாக இருக்க வேண்டும். பெரியவர்களுக்கு இது அற்பமாகத் தெரியும். பள்ளிக் கழிப்பறையில் தாழ்ப்பாள் சரியாகப் போடாத கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நிற்கும் பிள்ளைக்கு உதவப்போவது இந்தப் பக்கம்தான்.

ஒரே ஒரு வாசகம் வைத்து நிராகரிக்கச் சொன்னால், "உடம்பில் இருக்கும் கெட்ட ரத்தம் வெளியேறுகிறது" என்பதைச் சொல்வேன். இன்றைக்கும் அச்சில் வருகிறது. அது கெட்ட ரத்தமும் இல்லை, கழிவும் இல்லை. கருப்பையின் உள்ளே மாதாமாதம் தடித்து வளரும் ஒரு படலம், கரு தங்காதபோது ரத்தத்தோடு உதிர்ந்து வருகிறது, அவ்வளவுதான். கெட்ட ரத்தம் என்று எழுதும் புத்தகம் அடுத்த பக்கத்திலேயே தொடாதே, போகாதே என்று ஆரம்பித்துவிடும்.

பெயர் சொல்லிக் கேட்பீர்கள், சொல்கிறேன். நம் நாட்டுச் சூழலில் எழுதப்பட்டதில் 'மென்ஸ்ட்ருபீடியா காமிக்' நல்ல தொடக்கம். அதிதி குப்தா, துஹின் பால் இருவரும் சேர்ந்து உருவாக்கியது, தமிழிலும் வந்திருக்கிறது. சித்திரக்கதை என்பதால் ஒன்பது வயதுப் பிள்ளை ஒரே மூச்சில் படித்துவிடும். கட்டுப்பாடுகள், மூடநம்பிக்கைகள் பற்றியும் பேசுகிறது. ஆனால் பெயரே சொல்வதுபோல அதன் மையம் மாதவிடாய்தான், உடம்பின் மற்ற மாற்றங்களுக்கும் மனசுக்கும் இடம் குறைவு. நீங்கள் பார்த்த 1,500 ரூபாய் வகையில் அமெரிக்கப் பிள்ளைகளுக்கான 'தி கேர் அண்ட் கீப்பிங் ஆஃப் யூ' இருந்திருக்கலாம். 1998இல் வந்தது, 2013இல் திருத்தி இரண்டு பாகமாக்கினார்கள், முதல் பாகம் சின்னப் பிள்ளைகளுக்கு, இரண்டாவது கொஞ்சம் பெரியவர்களுக்கு. வியர்வை, பரு, பிரா, கோபம், கூச்சம் எல்லாவற்றையும் பக்கத்து வீட்டு அக்கா மாதிரி பேசும், அது அருமை. ஆனால் பல் கம்பி, கால் முடி ஷேவிங் என்று வேறொரு வீட்டு வாழ்க்கை அதில் நிறைய இருக்கும். ஆங்கிலம் தடையில்லாமல் படிக்கிற பிள்ளை என்றால், காசும் இருந்தால், இரண்டாவது புத்தகமாக வாங்குங்கள். முதல் புத்தகத்துக்கு 1,500 கொடுக்கத் தேவையே இல்லை.

மொழி விஷயத்தில் என் பதில் சுலபமானது: அவள் யார் உதவியும் இல்லாமல் எதைப் படிப்பாளோ அது. இந்தப் புத்தகத்தை உங்கள் மடியில் உட்கார்ந்து படிக்கப்போவதில்லை, கதவைச் சாத்திக்கொண்டு தனியாகத்தான் படிப்பாள். தமிழ்ப் புத்தகம் என்றால் ஒரு பத்தியை நீங்களே வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். "கருப்பை உட்சவ்வு சுழற்சி முறையில் உதிர்தல்" என்று பாடப்புத்தக நடையில் போனால் உங்களுக்கே நாக்கு தடுமாறும், அவள் மூன்றாவது பக்கத்தில் மூடிவைத்துவிடுவாள்.

எந்தப் பதிப்பு என்று கட்டாயம் பாருங்கள். அமெரிக்க எழுத்தாளர் ஜூடி புளூம் 1970இல் வயசுக்கு வரும் பெண் பிள்ளையைப் பற்றி எழுதிய மார்கரெட் நாவலில் பெண்கள் பேடை இடுப்புப் பெல்ட்டில் மாட்டிக்கொள்வார்கள். பிற்பாடு வந்த பதிப்புகளில் அதை ஒட்டும் பேடாக மாற்றினார்கள். கதைப் புத்தகத்துக்கே அப்படி என்றால் வழிகாட்டிப் புத்தகத்துக்குச் சொல்லவே வேண்டாம். பதிப்புரிமைப் பக்கத்தில் ஆண்டு இருக்கும், ரொம்பப் பழையது மலிவாகக் கிடைக்கிறது என்று எடுக்காதீர்கள். வெளிநாட்டுப் புத்தகத்துக்கு இந்தியப் பதிப்பு இருக்கிறதா என்றும் தேடுங்கள், "இந்தியத் துணைக்கண்டத்தில் மட்டும் விற்பனைக்கு" என்று பின்னட்டையில் இருக்கும், விலை பாதிக்குப் பாதி குறையலாம். கையில் எடுத்துப் பார்த்து வாங்க ஆசை என்றால், உங்கள் ஊர் புத்தகத் திருவிழாவுக்கோ, ஆகஸ்டில் ஈரோட்டில் நடப்பதற்கோ போகலாம். அங்கே நின்று பத்துப் பக்கம் படித்தால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

கடைசியாக, எந்தப் புத்தகமும் சொல்லாத ஒன்று, உங்கள் வீட்டில் என்ன நடக்கும் என்பது. இது இயல்பானது, உன் சொந்த விஷயம், யாரும் கூச்சப்பட வைக்கக் கூடாது என்று புத்தகம் சொல்லும். ஆனால் அவள் வயசுக்கு வந்த சில நாளில் தெருமுனையில் அவள் போட்டோவோடு ஃபிளெக்ஸ் நிற்கும், தாய்மாமன் தட்டு வரிசையோடு வருவார், ஒரு பக்கம் மொய் நோட்டு ஓடும். படித்த பிள்ளை "எதும்மா நிஜம்?" என்று கேட்கும், கேட்கவும் வேண்டும். சடங்கு வைப்பதா, எவ்வளவு பெரிதாக வைப்பது, ஃபிளெக்ஸ் வேண்டுமா என்பதை நீங்கள் வீட்டில் இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள், அவளையும் ஒரு வார்த்தை கேளுங்கள். தனி ரூம், தனித் தட்டு என்று பேச்சு வந்தால் அங்கே நீங்கள்தான் குறுக்கே நிற்க வேண்டும், புத்தகம் நிற்காது. மாமியாரின் உளுந்தங்களிக்கும் நல்லெண்ணெய்க்கும் யாரும் எதிரி இல்லை, அதை அவரே ஆசையாகச் செய்து கொடுக்கட்டும். புத்தகத்தின் கடைசியில் காலியாக விட்டிருக்கும் தாளில் உங்கள் கைப்பட நாலு வரி எழுதிக் கொடுங்கள். பேடு எந்த அலமாரியில் இருக்கிறது, பள்ளியில் எந்த டீச்சரிடம் சொல்ல வேண்டும், எந்த நம்பருக்குக் கூப்பிட வேண்டும், வீட்டில் யாருக்கெல்லாம் சொல்வோம், யாருக்குச் சொல்லமாட்டோம். வாயால் சொல்ல வரவில்லை என்றீர்களே, எழுத வரும்.

கேள்வி (மதுரையிலிருந்து ஒரு அப்பா): மனைவி இறந்து மூன்று வருடமாகிறது. மகளுக்குப் பதினொரு வயது, அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு. இந்த மாதிரிப் புத்தகத்தை அப்பா வாங்கிக் கொடுத்தால் சங்கடப்படுவாளோ? என் தங்கை வரும்வரை காத்திருக்கலாமா?

பதில்: காத்திருக்க வேண்டாம் சார், மாதவிடாய் அத்தை வரும் தேதி பார்த்து வராது. நீங்களே கொடுங்கள், பிறந்தநாள் பரிசு மாதிரி ஜரிகைத் தாளில் சுற்றாமல், சாதாரணமாக. கூடவே ஒரு பாக்கெட் பேடும், இரண்டு மாற்று ஜட்டியும் வைத்து ஒரு சின்னப் பையில் போட்டு, இது எப்போதும் ஸ்கூல் பையில் இருக்கட்டும் என்று சொல்லுங்கள். "படிச்சிட்டு எதுனா கேக்கணும்னா என்கிட்ட கேளு, என்கிட்ட கேக்க ஒரு மாதிரி இருந்தா அத்தைக்கு போன் பண்ணு" என்றால் போதும். மறுநாளே "படிச்சியா, படிச்சியா" என்று கேட்காதீர்கள். பேடுக்கு 2018 ஜூலையிலிருந்து ஜி.எஸ்.டி. கிடையாது என்பதையும், அரசுப் பள்ளி மாணவிகளுக்குத் தமிழக அரசின் புதுயுகம் திட்டத்தில் இலவசமாகவே கிடைக்கும் என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பள்ளியில் கொடுக்கிறார்களா என்று நீங்களே போய் டீச்சரிடம் விசாரிக்கலாம். அப்பா கேட்கிறார் என்பதை அவர்கள் தப்பாக நினைக்கப் போவதில்லை. உங்கள் மகளுக்கு வாங்கும் புத்தகத்தில் உடல் பாதுகாப்பு பற்றி, யார் தொடலாம் யார் தொடக்கூடாது என்பது பற்றி, ஒரு பகுதி இருக்கிறதா என்று கொஞ்சம் கூடுதலாகவே பாருங்கள். இல்லையென்றால் குழந்தைகள் உதவி எண் 1098ஐ நீங்களே உள்ளட்டையில் எழுதிவிடுங்கள்.

கேள்வி (சென்னையிலிருந்து): இதே போன்ற புத்தகம் ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். பிளாஸ்டிக் உறையைப் பிரித்தால் படங்கள் எல்லாம் மங்கல், ஜெராக்ஸ் எடுத்து ஒட்டினது போல. உறையைப் பிரித்துவிட்டால் திருப்பி எடுக்கமாட்டோம் என்கிறார் விற்பனையாளர்.

பதில்: அது பெரும்பாலும் திருட்டு அச்சு. பிரிக்காமல் உள்ளே இருப்பது எப்படித் தெரியும், அந்த வாதமே நிற்காது. 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, குறையுள்ள பொருளையோ போலியையோ, விளம்பரத்தில் சொன்ன மாதிரி இல்லாததையோ திருப்பி எடுக்க விற்பனையாளர் மறுக்க முடியாது. மங்கலான பக்கங்களையும், ஐ.எஸ்.பி.என். (புத்தகத்தின் அடையாள எண்) உள்ள பக்கத்தையும், பார்சல் மேல் ஒட்டியிருக்கும் விற்பனையாளர் பெயரையும் போட்டோ எடுத்து, முதலில் அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் அனுப்புங்கள், போனில் பேசியதற்குச் சாட்சி இருக்காது. பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே பதிவு செய்து ஒரு எண் வாங்கி, அந்த எண்ணைத் தளத்துக்கு அனுப்பினாலே பல விஷயம் முடிந்துவிடுகிறது. முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது. பணம் திரும்பி வந்ததும் அதே புத்தகத்தைப் பதிப்பகத்திடமே நேரடியாக வாங்குங்கள், அதற்குள் அந்த மங்கல் பிரதியைப் பிள்ளை கையில் கொடுத்துவிடாதீர்கள், பேடு எந்தப் பக்கம் ஒட்டுவது என்பதே அதில் தெரியாது.