பஞ்சு அடைத்த பெட்டிக்கு 62,000 ரூபாயா?

கேள்வி: எங்கள் வீட்டு கம்ப்யூட்டர் 2017-இல் வாங்கியது. ஐ5-7400 பிராசஸர், 8 ஜிபி ராம் (ஒரே ஸ்டிக்), 1 டிபி ஹார்ட் டிஸ்க், ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிராபிக்ஸ் கார்டு. பதினொன்றாவது படிக்கும் பையன் வேலோரன்ட்டும் ஜிடிஏ 5-உம் விளையாடுவான். வீட்டுக்காரர் ராத்திரியில் யூரோ டிரக் சிமுலேட்டர் 2-இல் லாரி ஓட்டுவார். நூல் கணக்கு, ஜிஎஸ்டி எல்லாம் நான் டேலியில் பார்ப்பதும் அதில்தான். ஆன் செய்தால் திறக்கவே ஐந்து நிமிடம் ஆகிறது. விளையாட்டு முதலில் நன்றாக ஓடி, கால் மணி நேரத்தில் திக்க ஆரம்பிக்கிறது. ஃபேன் சத்தமோ பக்கத்துப் பட்டறையில் ஓடும் எங்கள் தறிகளையே மிஞ்சுகிறது. பையன் கார்டை மாற்றச் சொல்கிறான். பெங்களூரில் இருக்கும் கொழுந்தனார் எல்லாவற்றையும் தூக்கிப் போடச் சொல்கிறார். ஈரோட்டில் ஒரு கடையில் 62,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் கொடுத்தார்கள். சீட்டு எடுத்ததில் என்னிடம் இருப்பது 20,000. என்ன செய்யலாம்?
– பெயர் வேண்டாம், குமாரபாளையம்

பதில்: சகோதரிக்கு வணக்கம். எஸ்டிமேட்டைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிடுங்கள். கால் மணி நேரம் நன்றாக ஓடி, அப்புறம் திக்குகிறது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது. கார்டுக்கு வலு போதாவிட்டால் விளையாட்டு முதல் நிமிடத்திலிருந்தே திக்கும். நன்றாக ஓடிவிட்டுத் திக்கினால் அது பெரும்பாலும் சூடுதான். உங்கள் பிராசஸர் 100 டிகிரியைத் தொட்டதும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பிராசஸரின் சூட்டைக் காட்ட கோர் டெம்ப் என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. அதைத் திறந்து வைத்துக்கொண்டு பையனை விளையாடச் சொல்லுங்கள். திக்கும் நேரத்தில் எண் 95-க்கு மேல் நின்றால் சந்தேகமே வேண்டாம்.

பக்கத்திலேயே தறி ஓடும் வீட்டில் கம்ப்யூட்டர் சூடாவதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. பள்ளிபாளையத்தில் ஒரு வீட்டில் இப்படித்தான் ஒரு பெட்டியைத் திறந்தேன். பிராசஸர் மேலிருக்கும் ஃபேனைக் கழற்றினால், அடியில் அலுமினியத் தகடுகளே தெரியவில்லை. நூலிலிருந்து பறந்த பஞ்சு தகடுகளின் மேல் படிந்து, கம்பளி மாதிரி ஒரு வட்டமாக உரிந்து வந்தது. ஃபேன் முழு வேகத்தில் சுற்றினாலும் அந்தக் கம்பளிக்குள் காற்று போகாது. சும்மா கத்தத்தான் முடியும். நீங்கள் கேட்கும் சத்தமும் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

தறி நிற்கும் ஞாயிற்றுக்கிழமையில் பெட்டியைத் திறங்கள். பையனையே செய்யச் சொல்லலாம், பக்கத்தில் நீங்கள் இருந்தால் போதும். பட்டறையில் கம்ப்ரசர் இருந்தால் அதைப் பிடித்து அடிக்கத்தான் கை போகும். எனக்கும் போனது. முழு அழுத்தத்தில் அடித்ததில் ஃபேன் விர்ரென்று சுற்றி ஓர் இறக்கை உடைந்தது. டாங்கில் தேங்கியிருந்த தண்ணீர் மதர்போர்டின் மேல் தெறித்தது வேறு. அதனால் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு, கையில் பிடிக்கும் சின்ன பிளோயரால் ஊதுங்கள். தகடுகளுக்கு நடுவே பழைய பெயின்ட் பிரஷ் போதும். ஃபேனும் தகடுகளும் சேர்ந்த கூலரைக் கழற்றினால், பிராசஸரின் சூட்டை அதற்குக் கடத்தும் பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துவிட்டு, புதிதாக ஒரு பட்டாணி அளவு வைக்க வேண்டும். கூலரைப் பிடித்திருக்கும் நான்கு பிளாஸ்டிக் ஊசிகளும் ஒன்பது வருடத்தில் மொறுமொறுவென்று ஆகியிருக்கும், மெதுவாகத் திருகச் சொல்லுங்கள். கார்டின் ஃபேனுக்கும் இதே வைத்தியம்தான். கம்ப்யூட்டருக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் யாரும் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும்.

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கம்ப்யூட்டருக்கு லைன் வீட்டு சர்வீஸிலிருந்துதானே வருகிறது? சில வீடுகளில் தறி சர்வீஸிலிருந்து ஒரு ஒயரை இழுத்துவிடுகிறார்கள். விதிமீறல் என்பது ஒருபக்கம் இருக்கட்டும். தறி மோட்டார்கள் ஓடத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் வோல்டேஜ் இறங்கும், அந்த அடியை எஸ்எம்பிஎஸ் வாங்கும்.

சரி, இனி பணத்துக்கு வருவோம். விலை வாரத்துக்கு வாரம் மாறுவதால் ரூபாய்க் கணக்கு எழுதவில்லை. நான் சொல்லும் வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

முதலில் எஸ்எஸ்டி, அதாவது ஹார்ட் டிஸ்க்கின் வேலையை வேகமாகச் செய்யும் சேமிப்புச் சாதனம். ஐந்து நிமிடம் காக்க வைப்பது உங்கள் ஹார்ட் டிஸ்க்தான். சாதாரண சாட்டா எஸ்எஸ்டி 500 ஜிபி போதும். அது நொடிக்கு 500 எம்பிக்கு மேல் படிக்கும். உங்கள் டிஸ்க் 150-ஐத் தொட்டாலே அதிகம். போர்டிலேயே நேராகச் செருகும் எம்.2 வகை என்று கடையில் சொன்னால், உங்கள் போர்டில் அதற்கு இடம் இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். 2025 மார்ச்சில் வந்த ஜிடிஏ 5-இன் புதிய பதிப்பு எஸ்எஸ்டி இல்லாமல் ஆகாது என்றே கேட்கிறது. ஆக, பையனுக்கும் இதில் லாபம் உண்டு. பழைய டிஸ்க்கைப் போட்டோ, வீடியோ வைக்க உள்ளேயே விட்டுவிடலாம். ஆனால் ஸ்குரூ டிரைவரை எடுப்பதற்கு முன்னால் டேலி டேட்டாவை இரண்டு பென்டிரைவில் எடுத்து, ஒன்றை பீரோவில் வையுங்கள். ஒன்பது வருட டிஸ்க்கை நம்பி நூல் கணக்கை வைத்திருக்கிறீர்கள் என்று படித்தபோது எனக்கே வயிற்றைக் கலக்கியது.

இரண்டாவது ராம். இன்னொரு 8 ஜிபி ஸ்டிக் போட்டால் 16 ஆவதோடு, இரண்டு ஸ்டிக்கும் ஜோடியாக வேலை செய்யும். உங்கள் போர்டு டிடிஆர்4 வகை ராம் ஏற்கும் போர்டா என்று பழைய ஸ்டிக்கைக் காட்டி உறுதி செய்துகொண்டு அதே வகையை வாங்குங்கள். 3200 வேகம் என்று எழுதியிருந்தாலும் பரவாயில்லை, உங்கள் போர்டில் 2400-க்கு இறங்கி ஓடும். 2025 கடைசியில் ராம் விலை தாறுமாறாக ஏறிவிட்டது. செயற்கை நுண்ணறிவு நிறுவனங்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போவதன் விளைவு அது. அதனால் செகண்ட் ஹேண்டில் வாங்கத் தயங்க வேண்டாம். ராம் அவ்வளவு எளிதில் தேயும் பொருள் இல்லை.

மூன்றாவது எஸ்எம்பிஎஸ். கேபினட்டோடு வந்த பெயர் தெரியாத பெட்டியாக இருந்தால், மின்சாரத்தை அதிகம் வீணாக்காது என்பதற்கான 80 பிளஸ் சான்றுள்ள 450 வாட் ஒன்றைப் புதிதாக வாங்குங்கள். இதை மட்டும் செகண்ட் ஹேண்டில் வாங்காதீர்கள்.

பிராசஸரை அப்படியே விட்டுவிடலாம். உங்கள் போர்டு ஏற்கும் பெரிய பிராசஸர்கள் ஐ7-7700 வகையோடு முடிகின்றன. பழசுக்கும் யானை விலை சொல்வார்கள். எட்டாம் தலைமுறை பிராசஸரும் பிராசஸர் உட்காரும் அதே 1151 சாக்கெட்தான் என்று யாராவது விற்கப் பார்ப்பார்கள். பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் உங்கள் போர்டில் அது வேலை செய்யாது.

பையன் கேட்கும் கார்டு இந்த வரிசையில் கடைசி. உங்கள் மானிட்டர் 60 ஹெர்ட்ஸா என்று அவனையே பார்க்கச் சொல்லுங்கள். அப்படியென்றால் நொடிக்கு 60 காட்சிக்கு மேல் அது காட்டாது. 1050 டிஐ இருந்தால் வேலோரன்ட்டில் அதைத் தாண்டியே வரும். டிரக் சிமுலேட்டர் 2012-இல் வந்த விளையாட்டு, அதற்கும் பஞ்சமில்லை. புதிய விளையாட்டுகளுக்குத்தான் இந்தக் கார்டு திணறும். 2025 அக்டோபரோடு என்விடியாவும் இந்த வரிசைக் கார்டுகளுக்குப் புதிய விளையாட்டு டிரைவர்களை நிறுத்திவிட்டது, பாதுகாப்பு அப்டேட் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும். மீதிப் பணத்தில் வாங்கியே தீர வேண்டும் என்றால், ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபிக்குத் தனி பவர் ஒயர் வேண்டாம், 70 வாட்தான். இன்னும் வலுவானது பழைய ஆர்எக்ஸ் 6600. அதற்கு எட்டு முனை ஒயர் வேண்டும், உங்கள் பிராசஸர் அதன் முழு வேகத்தையும் இழுக்காது. பழைய கார்டுகளில் கிரிப்டோ சுரங்கத்தில், அதாவது டிஜிட்டல் நாணயம் உருவாக்கும் வேலையில், இரவு பகலாக ஓடியவையும் உண்டு. 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற நாணயம் இந்தக் கார்டுகள் தேவைப்படாத முறைக்கு மாறியதும் சந்தைக்கு வந்தவை அவை. அந்தியூர்ச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்து மாடு வாங்குகிற மாதிரி, அரை மணி நேரம் விளையாட்டை ஓட்டிக் காட்டச் சொல்லி, திரையில் புள்ளியோ கோடோ வருகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

விண்டோஸ் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் ஜிஎஸ்டி பார்ப்பதால் சொல்ல வேண்டியிருக்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. உங்கள் ஏழாம் தலைமுறை பிராசஸர் விண்டோஸ் 11-க்கான அதிகாரப்பூர்வப் பட்டியலில் இல்லை. குறுக்கு வழியில் போட்டுத் தருகிறேன் என்று கடைக்காரர் சொன்னால் பையனிடம் கேட்காமல் தலையாட்டாதீர்கள். விண்டோஸ் 11-இல் வேலோரன்ட் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளையும் கேட்கும். அவை சரியாக அமையாவிட்டால் விளையாட்டு ஓடாது, வீட்டில் சண்டைதான். பேங்க் வேலையை மட்டும் இனி இந்த கம்ப்யூட்டரில் செய்யாமல் போனுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

கொழுந்தனார் சொல்வது போல ஒருநாள் புதுசு வாங்கத்தான் வேண்டியிருக்கும். அப்போது எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ், கார்டு மூன்றும் அதற்கு மாறிவிடும். டிடிஆர்4 போர்டாகப் பார்த்து எடுத்தால் ராமும் கூட வரும். அதனால் 20,000-ஐ இப்போதே முழுதாகக் கரைக்க வேண்டியதில்லை.

இந்த ஞாயிறு துடைத்துவிட்டு, முன்னால் எத்தனை டிகிரி, பின்னால் எத்தனை டிகிரி என்று ஒரு தபால் கார்டில் எழுதிப் போடுங்கள். கிராபிக்ஸ் கார்டு வாங்கும் பேச்சை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளலாம்.